லிங்கனைத் திருப்பி வைத்த பெண்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கிழக்கே ஒரு மைல் தள்ளி லிங்கன் பூங்கா இருக்கிறது. அதில் இரண்டு வெண்கலச் சிலைகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன.

ஒன்றில் ஆபிரகாம் லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். அவர் நீட்டிய கைக்குக் கீழே ஒரு கறுப்பின ஆண், இடுப்புத் துணியோடு, விலங்கு அறுந்த கைகளோடு, முழங்காலிட்டு இருக்கிறார். அடிமை ஒழிப்பின் நினைவாக 1876இல் திறக்கப்பட்ட சிலை இது. இன்னொன்றில் தடி ஊன்றிய ஒரு மூதாட்டி. எதிரே ஒரு சிறுவனும் சிறுமியும். அவர்களிடம் ஒரு காகிதச் சுருளை நீட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் மேரி மெக்லியோட் பெத்யூன். இது 1974இல் வந்தது.

முதலில் லிங்கன் மேற்கே, நாடாளுமன்றத்தைப் பார்த்துத்தான் நின்றார். பெத்யூன் சிலை கிழக்குப் பக்கம் வந்ததும், லிங்கனின் முதுகு அந்த அம்மாவுக்கு நேராக இருக்கும் என்று ஆகிவிட்டது. அதனால் லிங்கனைத் திருப்பி, அந்த அம்மாவைப் பார்க்கும்படி வைத்தார்கள். நாட்டையே ஆண்ட ஒருவரின் சிலையை ஒரு கறுப்பினப் பெண்ணுக்காகத் திருப்பி வைத்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொதுச் சிலைகளில் பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இந்தப் பூங்காவிலிருந்துதான் தொடங்குவேன்.

பிரதிநிதித்துவம் என்றதும் முதலில் எண்ணிக்கைதான் நினைவுக்கு வரும். எத்தனை சிலைகள், அதில் எத்தனை பெண்கள், எத்தனை கறுப்பினத்தவர் என்று. சரி, அதையும் பார்த்துவிடுவோம். மானுமெண்ட் லேப் என்ற அமைப்பு அமெரிக்கா முழுவதும் ஏறக்குறைய 50,000 நினைவுச்சின்னங்களின் பதிவுகளை அலசி 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிகச் சிலைகள் உள்ள 50 பேரின் பட்டியலில் பெண்கள் மூன்றே பேர். அந்த மூவரில் ஜோன் ஆஃப் ஆர்க் பிரெஞ்சுக்காரர். சகாகவேயா அமெரிக்கப் பழங்குடிப் பெண். மீதி ஒருவர்தான் கறுப்பினப் பெண், ஹேரியட் டப்மன். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. அந்தப் பதிவுகளில் கடற்கன்னிக்கு 22 சிலைகள். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த பெண் உறுப்பினர்களுக்கு 2.

கடற்கன்னிக் கணக்கைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மேற்கத்திய நகரங்களில் பெண் சிலைகளுக்குப் பஞ்சமே இல்லை. விடுதலை ஒரு பெண், நீதி ஒரு பெண், வெற்றி ஒரு பெண். நியூயார்க் துறைமுகத்தில் தீப்பந்தம் ஏந்தி நிற்பவரும் பெண்தான். இவர்கள் யாரும் பிறந்து, வளர்ந்து, வாடகை கொடுத்து வாழ்ந்தவர்கள் இல்லை. ஒரு கருத்துக்குச் சேலை கட்டியது போன்றவர்கள். வாழ்ந்த பெண்ணுக்குப் பெயரோடு சிலை என்று வரும்போதுதான் எண்ணிக்கை சரிகிறது. அதிலும் கறுப்பினப் பெண் என்றால் நீண்ட காலம் கருத்தாகக்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வெண்பளிங்கில் செதுக்கிய நீதி தேவதை வெள்ளைக்காரப் பெண்ணாகவே இருந்தாள்.

எண்ணிக்கை இருக்கட்டும். லிங்கன் பூங்காவுக்குத் திரும்பினால் அதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று காத்திருக்கிறது. அந்த முழங்காலிட்ட சிலைக்கு முதல் பணம் கொடுத்தது யார் தெரியுமா? சார்லட் ஸ்காட் என்ற ஒரு கறுப்பினப் பெண். வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். 1865இல் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி கேட்டதும், அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும் என்று தன் உழைப்பில் சேர்த்த 5 டாலரைக் கொடுத்தார். அதன் பிறகு விடுதலை பெற்ற மக்களும் கறுப்பினப் படைவீரர்களும் போட்ட பணத்தில்தான் சிலை எழுந்தது. ஆனால் சிலை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. நிதியைக் கையாண்ட வெள்ளையர் அமைப்புதான் வடிவத்தை முடிவு செய்தது. பணம் கொடுத்தது ஒரு பெண். சிலையில் பெண்ணே இல்லை. இருக்கும் கறுப்பின ஆணும் தரையில்.

திறப்பு விழாவில் பேசியவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அவரும் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர்தான். சில நாட்கள் கழித்து ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தான் சாவதற்குள் ஒரு கறுப்பின மனிதர் நாலுகால் பிராணி போல மண்டியிடாமல், இரு காலில் மனிதராக நிற்கும் சிலையைப் பார்க்க ஆசை என்றார். ஒரே சிலை முழு உண்மையையும் சொல்லிவிடாது, இந்தப் பூங்காவில் இன்னொரு சிலைக்கும் இடம் இருக்கிறது என்றும் சொன்னார். அந்த இன்னொரு சிலை வர 98 வருடம் ஆனது. வந்து நின்றவர் பெண். தென் கரோலினாவில், முன்பு அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 17 பிள்ளைகளில் 15ஆவதாகப் பிறந்த பெத்யூன், 1904இல் கையில் ஒன்றரை டாலரை வைத்துக்கொண்டு ஐந்து சிறுமிகளோடு பள்ளி தொடங்கியவர். அது பின்னால் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1935இல் அவர் தொடங்கிய கறுப்பினப் பெண்கள் அமைப்புதான் வருடக்கணக்கில் பணம் திரட்டி, அவரது 99ஆவது பிறந்தநாளில் சிலையைத் திறந்தது. இந்த முறை பணமும் அவர்களுடையது, எப்படி நிற்பது என்ற முடிவும் அவர்களுடையது.

ஆகவே எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. அவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, குனிந்திருக்கிறாரா? யாரைப் பார்க்கிறார்? கையில் என்ன? அதை யார் தீர்மானித்தது?

ஒரு சமூகத்தைச் சிலையில் சேர்ப்பதாலேயே மரியாதை வந்துவிடாது என்பதற்கு 1923இல் நடந்த ஒரு விஷயம் நல்ல சாட்சி. இதைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலப் படையினரின் வழிவந்த பெண்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வாஷிங்டனில் ‘மேமி’க்கு ஒரு நினைவுச்சின்னம் வேண்டும் என்று கேட்டார்கள். நம் மாமியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தென் மாநிலப் பண்ணை வீடுகளில் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, குளிப்பாட்டி, தூங்க வைத்த அடிமைப் பெண்களுக்கு எசமானர்கள் வைத்த பெயர் அது. குண்டான, எப்போதும் சிரித்த முகமுள்ள, எசமான் வீட்டைத் தவிர வேறு உலகம் வேண்டாத ஒரு கற்பனைப் பெண்ணாக அவரை ஆக்கியிருந்தார்கள். விசுவாசமான வேலைக்காரிக்கு நன்றி என்ற பெயரில், அடிமை முறை அப்படியொன்றும் மோசமில்லை என்று கல்லில் எழுதி வைக்கும் ஏற்பாடு.

செனட் சபை அந்த மசோதாவை நிறைவேற்றியும்விட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், கறுப்பினத்தவரைக் கும்பல் சேர்ந்து அடித்துக் கொல்வதைத் தடுக்கும் மசோதா அதே சபையில், பேசிப் பேசியே முடக்கப்பட்டது. உயிரைக் காக்கச் சட்டம் கிடையாது, ஆனால் சிலை உண்டு! கறுப்பினப் பெண்கள் இதைச் சும்மா விடவில்லை. மேரி சர்ச் டெரல் போன்றவர்கள் பத்திரிகைகளில் எழுதினார்கள். சங்கங்கள் மனு மேல் மனு கொடுத்தன. எசமான் பிள்ளையைத் தூங்க வைத்த அந்தத் தாயின் சொந்தப் பிள்ளை எந்தச் சந்தையில் விற்கப்பட்டது என்பது அவர்கள் கேட்ட கேள்வி. கீழவையில் மசோதா அப்படியே படுத்துவிட்டது. ஆக, கறுப்பினப் பெண் சிலைகளின் வரலாற்றில் ஒரு பெரிய வெற்றி, ஒரு சிலை வராமல் தடுத்ததுதான்.

ஆனால் அந்த உருவம் ஏற்கெனவே வேறோர் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் 1914இல் திறந்த தென் மாநிலப் படை நினைவுச்சின்னத்தில், போருக்குப் போகும் அதிகாரியின் குழந்தையைக் கையில் ஏந்திய ஒரு கறுப்பினப் பெண் இருக்கிறார். 2023 டிசம்பரில் அதை எடுத்தார்கள். 2025இல் திரும்ப வைப்போம் என்று அரசு அறிவித்தது. சிலைகள் அசையாதவை என்று யார் சொன்னது?

இப்போது ஹேரியட் டப்மனிடம் வருவோம். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1849இல் வடக்கே தப்பியவர். தப்பியதோடு நிற்காமல் ஏறக்குறைய 13 முறை திரும்பிப் போய் சுமார் 70 பேரை அழைத்து வந்தார். இரவில் நடை, பகலில் ஒளிவிடம் என்று இருந்த அந்த ரகசிய வழிக்கு ‘நிலத்தடி ரயில்பாதை’ என்று பெயர். நிஜ ரயில் கிடையாது. வழிகாட்டிகளும் அடைக்கலம் கொடுத்தவர்களும் சேர்ந்த ஒரு வலை. உள்நாட்டுப் போரில் 1863இல் ஓர் ஆற்றோரத் தாக்குதலுக்கு வழிகாட்டி 700க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 2008இல் அவருக்கு ஒரு சிலை வைத்தார்கள். செய்தவர் அலிசன் சார் என்ற கறுப்பினப் பெண் சிற்பி. பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய சிலை அது. டப்மன் வேகமாக முன்னேறி நடக்கிறார். பாவாடையின் கீழ்ப்பகுதி பழைய ரயில் எஞ்சினின் முன்முகம் போலத் துருத்திக்கொண்டு வருகிறது. பாவாடை முழுக்க முகங்கள், அவர் கூட்டி வந்த பயணிகள். பின்னால் கொத்துக் கொத்தாக வேர்கள், மண்ணிலிருந்து பிடுங்கி இழுபட்டு வருகின்றன.

திறந்ததும் சண்டை தொடங்கியது. சிலை தெற்கே பார்த்திருந்தது. விடுதலை இருந்தது வடக்கே. அடிமைப் பண்ணைகள் இருந்தது தெற்கே. அவரை ஏன் தெற்கே பார்க்க வைத்தீர்கள், திருப்புங்கள் என்று அப்பகுதி மக்கள் கையெழுத்து வாங்கினார்கள். சிற்பி மறுத்தார். தனக்காக ஓடியபோது டப்மன் வடக்கே ஓடினார். மற்றவர்களுக்காகத் திரும்பியபோது தெற்கே போனார். தான் காட்ட நினைத்தது அந்தத் திரும்பிப் போதலைத்தான் என்பது அவர் பக்க நியாயம். சிலை திரும்பவில்லை. நான் சிற்பியின் பக்கம். ஆனாலும் கையெழுத்துப் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சிலை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஆயிரம் பேர் கவலைப்படுகிறார்கள் என்றால், அவர்கள் அதைத் தங்கள் வீட்டு ஆளாக நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெத்யூன், டப்மன் போன்றவர்களுக்குப் புகைப்படமாவது இருக்கிறது. முகமே தெரியாத பெண்ணுக்கு எப்படிச் சிலை வைப்பது? ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவரை அமெரிக்காவில் பெண்கள் மருத்துவத்தின் தந்தை என்பார்கள். 1840களில் அலபாமாவின் மாண்ட்கமரியில், பிரசவத்தில் ஏற்பட்ட உட்கிழிசலைச் சரிசெய்யும் அறுவையை அவர் அடிமைப் பெண்களின் உடம்பில், மயக்க மருந்து இல்லாமல், திரும்பத் திரும்பச் செய்து பழகினார். அவர்களில் மூவரின் பெயர் மட்டும் அவர் எழுத்திலேயே இருக்கிறது: அனார்க்கா, பெட்சி, லூசி. அனார்க்காவுக்கு மட்டும் 30 முறை. சிம்ஸுக்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். மாண்ட்கமரியில் மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் வைத்தார்கள். நியூயார்க் சிலையை 2018 ஏப்ரலில் அகற்றினார்கள்.

மாண்ட்கமரியில் மிஷெல் பிரவுடர் என்ற கலைஞர் வேறு வழி எடுத்தார். சிம்ஸை அகற்றச் சொல்லிக் காத்திருக்காமல், 2021இல் அதே ஊரில் அந்த மூன்று பெண்களையும் நிறுத்திவிட்டார். வெண்கலம் இல்லை, தூக்கிப்போட்ட உலோகத் துண்டுகளைப் பற்றவைத்துச் செய்த உருவங்கள், பெரியது கிட்டத்தட்ட 15 அடி. கழித்துக் கட்டிய இரும்பில், கழித்துக் கட்டப்பட்ட பெண்கள். முகச்சாயல் சரியா தவறா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. சிம்ஸைத் தேடி அந்த ஊருக்குப் போகிறவர் இப்போது அனார்க்காவையும் பார்த்துவிட்டுத்தான் வர முடியும்.

நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகள் அனுப்பலாம் என்று 1864இல் சட்டம் வந்தது. அடிமை ஒழிப்புக்காகப் பேசிய சோஜர்னர் ட்ரூத்தின் மார்பளவுச் சிலை 2009இலும், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸின் முழு உருவச் சிலை 2013இலும் அங்கே வந்தன. இரண்டும் எந்த மாநிலமும் அனுப்பியவை அல்ல. ஒரு மாநிலத்தின் சார்பில் ஒரு கறுப்பினத்தவர் அங்கே நிற்க 2022 ஜூலை வரை ஆனது. அவரும் நம் பெத்யூன்தான். ஃபுளோரிடா அனுப்பிய பளிங்குச் சிலை. அவர் வந்து நின்றது, தென் மாநிலப் படைத்தளபதி ஒருவர் அதுவரை நின்ற இடத்துக்கு.

எல்லாரும் மகத்தான பெண்களாகவே இருக்க வேண்டுமா என்ன? 2025 வசந்த காலத்தில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், விளம்பரத் திரைகளுக்கு நடுவே, 12 அடி உயர வெண்கலப் பெண் ஒருவர் வந்து நின்றார். பனியனும் கால்சட்டையும் போட்ட, பின்னிய முடியுள்ள, இடுப்பில் கை வைத்து எங்கோ பார்க்கிற சாதாரணக் கறுப்பினப் பெண். செய்தவர் தாமஸ் ஜே பிரைஸ் என்ற பிரிட்டிஷ் சிற்பி. அது யாருடைய உருவமும் இல்லை; பலரைப் பார்த்து ஒன்றாக்கியது. சமூக ஊடகங்களில் கிண்டல் கொட்டியது. இவள் என்ன சாதித்தாள், இவளுக்கு எதற்குச் சிலை என்றார்கள். கறுப்பினத்தவர் சிலரும் வருத்தப்பட்டார்கள். எத்தனையோ தலைவிகள் இருக்க, கோபக்காரக் கறுப்பினப் பெண் என்ற பழைய கேலிச்சித்திரம்தானா கிடைத்தது என்பது அவர்கள் வாதம். அது தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. முதல் கேள்விதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. அமெரிக்கச் சிற்றூர்ச் சதுக்கங்களில் துப்பாக்கியோடு நிற்கும் பெயரில்லாப் படைவீரர் சிலைகள் ஏராளம். அவர் என்ன சாதித்தார் என்று யாரும் கேட்டதில்லை.

இதே பிரைஸ் முன்பு ஒரு முறை எதிர்ப்பக்கம் நின்றிருக்கிறார். 2020 ஜூன் 7 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை மக்கள் கவிழ்த்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். காலியான பீடத்தில் ஏறி முஷ்டி உயர்த்தி நின்றார் ஜென் ரீட் என்ற கறுப்பினப் பெண். அந்தப் படத்தை வைத்து மார்க் குவின் என்ற வெள்ளைக்காரச் சிற்பி சிலை செய்து, ஜூலை 15 விடியற்காலையில் யாரிடமும் கேட்காமல் அதே பீடத்தில் ஏற்றிவிட்டார். ஒரு நாள்தான் நின்றது. மறுநாள் நகராட்சி எடுத்துவிட்டது. ரீட் மகிழ்ச்சியோடுதான் அதன் பக்கத்தில் நின்றார். ஆனால் கறுப்பினச் சிற்பிகளுக்கு இப்படி ஒரு மேடை எப்போது கிடைத்தது, அதையும் பெயர்பெற்ற ஒரு வெள்ளைக்காரர்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். அதைக் கடுமையாக எழுதியவர்களில் பிரைஸும் ஒருவர்.

கடைசியாகக் காசு. வெண்கல வார்ப்பு என்பது மலிவான காரியம் இல்லை. யாருக்குச் சிலை என்ற கேள்வி பாதி நேரம் யாருக்கு வெண்கலம் என்ற கேள்விதான். கோபன்ஹேகனில் 2018இல் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு முதல் பொது நினைவுச்சின்னம் வந்தது. டென்மார்க்கின் காலனியாக இருந்த செயின்ட் குரோய் தீவில் 1878இல் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் கிளர்ந்தபோது முன்னால் நின்ற மேரி தாமஸ், ‘ராணி மேரி’. ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் கரும்பு வெட்டும் கத்தி, நாற்காலியில் ராணியாக உட்கார்ந்திருக்கிறார். சிற்பிகள் லா வான் பெல், ஜெனட் ஏலர்ஸ் இருவரும் தங்கள் உடல்களையே கணினியில் பதிவு செய்து ஒன்றாக்கி அந்த உருவத்தை உண்டாக்கினார்கள். பீடத்தில் பதித்தது, அந்தத் தீவில் அடிமைகள் கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக் கல். ராணி மட்டும், மேலே கறுப்புப் பூசிய பாலிஸ்டைரீன் நுரை. சுமார் ஏழு மீட்டர் உயரம். 2020 டிசம்பரில் ஒரு புயல் அடித்தது. ராணி சரிந்து உடைந்தார்.

அதற்கு 80 வருடம் முன்பு நியூயார்க்கில் நடந்ததும் இதே கதை. 1939 உலகக் கண்காட்சிக்கு அகஸ்டா சாவேஜ் என்ற கறுப்பினப் பெண் சிற்பி 16 அடி உயரத்தில் ஒரு யாழ் செய்தார். பாடுகிற பன்னிரண்டு கறுப்பின மக்கள் வரிசையாக உயரம் குறைந்து நிற்பதுதான் அதன் நரம்புகள். அடியில் அவர்களைத் தாங்குவது நீண்ட ஒரு கையும் உள்ளங்கையும். முன்னால் ஓர் இளைஞன் முழங்காலிட்டிருக்கிறான், ஆனால் யாரிடமும் எதையும் கேட்டு அல்ல. நீட்டிய கைகளில் இசைத்தாள் இருக்கிறது. அத்தனையும் சாந்தில் செய்தது. கண்காட்சி முடிந்தது. வெண்கலத்தில் வார்க்கவும் பணம் இல்லை, பத்திரப்படுத்தி வைக்கவும் இடம் இல்லை. மற்றக் கட்டடங்களோடு சேர்த்து அதையும் இடித்துவிட்டார்கள். கண்காட்சிக்கு வந்தவர்கள் நினைவுப் பொருளாக வாங்கிப் போன, மேசையில் வைக்கும் அளவுள்ள உலோகப் பிரதிகள் மட்டும் சில இன்னும் இருக்கின்றன.